மண்திட்டுக்குக் குடை பிடித்த கதை

இல்லாத ஒன்றை அளப்பதுதான் என் முதல் உத்தியோகம். ஐம்பதுகளில் கிருஷ்ணகிரியில் பொதுப்பணித்துறையின் ஒரு செக்‌ஷன் ஆபீசில் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். கட்டடமோ, கால்வாயோ, ஏரிக்கரையோ, எதுவானாலும் அதற்கு எவ்வளவு கல், எவ்வளவு செங்கல், எவ்வளவு மண் என்று கணக்கெடுக்கப் பழக வேண்டும். பழகிவிட்டேன் என்று மேலே இருப்பவர்கள் ஒப்புக்கொண்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அப்பாவின் மாங்காய் மண்டி. மாங்காய்ப் பால் பட்டால் எனக்கு முகமெல்லாம் கொப்பளித்துவிடும். அதைவிட, "நான் அப்பவே சொன்னேன்" என்று அப்பா சொல்வது இன்னும் எரியும்.

அதனால் வெறிபிடித்தவன் போலப் படித்தேன். ஹோட்டலில் உட்கார்ந்தால் எதிர்ச்சுவரின் நீளம், உயரம், கனம் மூன்றையும் பெருக்கி, கதவு ஜன்னலைக் கழித்து, செங்கல் எத்தனை என்று வந்த பிறகுதான் இட்லியைத் தொடுவேன். ஆறிப்போன இட்லி தின்றே தொழில் கற்றவன் நான்.

முதலில் கொடுத்தது பாரூர்ப் பக்கம் ஒரு சின்ன ஏரி. கரையை உயர்த்துவதற்காகப் பக்கத்து மேட்டில் பெரிய பள்ளம் தோண்டி மண் எடுத்திருந்தார்கள். எடுத்த மண் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டும். பள்ளத்தின் நீளமும் அகலமும் கண்ணெதிரே கிடக்கின்றன. ஆழத்துக்கு எங்கே போவது? பழைய தரைதான் வண்டியேறிப் போய்விட்டதே! ஓரத்தில் அளந்தால் போதாதா என்று வேலையை மேற்பார்க்கும் ஓவர்சீரைக் கேட்டேன். நடுவில் நிலம் எவ்வளவு மேடாக இருந்தது என்று ஓரத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயம்தான்.

அதற்காகப் பள்ளத்தின் நடுவே ஒரு மண்திட்டை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அதன் தலையில் பழைய புல் அப்படியே இருக்கும். புல்லிலிருந்து அடிவரை டேப்பைப் பிடித்தால் ஆழம் கிடைத்துவிடும். அந்தத் திட்டுக்குப் பெயர் சாட்சி. வேலை முடிந்ததும் சாட்சியையும் வெட்டிவிடுவார்கள்.

இங்கே மூன்று சாட்சிகள் விட்டிருந்தார்கள். ஒன்றை மாடுகள் மிதித்துத் தள்ளின. இன்னொன்றைத் தோண்டும் ஆட்களே மத்தியானம் கால் நீட்ட இடைஞ்சல் என்று வெட்டிவிட்டார்கள். மிஞ்சிய ஒன்றை நான் அளந்து, கணக்குப் போட்டு, அளவுப் புத்தகத்தில் எழுதினேன். இனிப் பெரிய எஞ்சினீயர் சேலத்திலிருந்து வந்து தானும் அளந்து பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால் நான் பிழைத்தேன். அவர் என்றைக்கு வருவார் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஓவர்சீர் கோலார்ப் பக்கத்துக்காரர். "நோடப்பா, புல்லு போச்சுன்னா சாட்சி போச்சு. சாட்சி போச்சுன்னா நீ போச்சு. கொத்தாய்தா?" என்று, புரிந்ததா எனத் தன் கன்னடத்தில் கேட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி பஸ் ஏறிவிட்டார்.

அவர் போனதும் மழை பிடித்துக்கொண்டது. திட்டின் தோள்பட்டை கரைந்து வழிவதைப் பார்த்தபோது என் நிரந்தர உத்தியோகமே கரைந்து ஓடுவதாகத் தோன்றியது. ஒரு தார்ப்பாய் வேண்டும் என்று ஆபீசுக்கு ஆள் அனுப்பினேன். சாட்சிக்குத் தார்ப்பாய் போட எஸ்டிமேட்டில் இடமில்லை என்று பதில் வந்தது. வேறு வழி? என் குடையை விரித்துத் திட்டின்மேல் பிடித்தேன். நான் நனைந்தேன். அது நனையவில்லை.

ஆடு மேய்க்கும் ஓர் அம்மாள் கரைமேல் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு இறங்கி வந்தாள்.

"என்னாங்க சார், இதுக்குப் போயி கொடை புடிக்கறீங்க?"

"இது கரையக் கூடாதும்மா. கரைஞ்சா என் பொழப்பே போயிடும்."

"உங்களையும் இதுதான் காப்பாத்தணுமுங்களா?"

"ஆமாம்மா, இதுதான்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் திட்டின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன.

ஒரு வாரத்தில் அது அம்மனாகிவிட்டது. மழை தொடர்ந்ததால் நானும் குடையோடு தொடர்ந்தேன். சர்க்கார் ஆளே நனைந்துகொண்டு சேவை செய்கிறார் என்றால் சும்மாவா என்று ஊத்தங்கரையிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் அந்த அம்மாளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "இது சாமியில்லைம்மா. பள்ளம் எவ்வளவு ஆழம்னு தெரிஞ்சுக்கத்தான் விட்டு வெச்சிருக்கோம்."

"அதையும் அம்மாகிட்டயே கேளுங்க. சொல்லுவா" என்றாள்.

அவள் செய்ததுதான் பெரிய விபரீதம். அம்மன் மழையில் கரையக் கூடாது என்று செம்மண்ணும் சாணியும் குழைத்துத் திட்டை உச்சிவரை மெழுகிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அதன்மேல் இன்னொரு மெழுக்கு. புல் உள்ளே போய்விட்டது. திட்டு வாராவாரம் வளர்ந்தது. கரைந்தால் என் கணக்கு தப்பு. வளர்ந்தாலும் என் கணக்கு தப்பு. எனக்கும் அவளுக்கும் ஆசை ஒன்றுதான் என்பதை நினைத்தால் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பயம் மட்டும் தனியாக வந்தது. மாங்காய் மண்டியின் வாசனை எனக்கு அங்கேயே அடித்தது.

பெரிய எஞ்சினீயர் ஒரு வெள்ளிக்கிழமைதானா வர வேண்டும்! ஜீப்பிலிருந்து இறங்கி, டேப்போடு பள்ளத்துக்குள் வந்தார். பின்னால் ஓவர்சீர், அவருக்குப் பின்னால் நான். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், புகை. பெரியவர் நின்றார். தொப்பியைக் கழற்றினார். பிறகு பூட்ஸைக் கழற்றினார். ஓவர்சீர் அவசரமாகத் தன் செருப்பை உதறினார். அதில் ஒன்று தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் விழுந்து மிதந்தது.

"எந்த அம்மன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குடையம்மன் தொரை. இந்த சார்தான் முதமுதல்ல கண்டுபுடிச்சாரு" என்று அந்த அம்மாள் என்னைக் காட்டினாள்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். குங்குமம் வாங்கி இட்டுக்கொண்டார்.

"இதை வெட்ட வேண்டாம். இது நின்ன இடத்து மண்ணைக் கணக்கில் கழிச்சிருக்கீங்களா?"

"கழிச்சிருக்கேன் சார்."

"அப்ப சரி" என்று புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். டேப் சுருளிலிருந்து வெளியே வரவே இல்லை. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

ஜீப் போனதும் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உயிரைக் கொடுத்துப் போட்ட கணக்கு சரியா, தப்பா? எனக்காவது தெரிய வேண்டாமா? ஒரு மூலையில் மெழுக்கைச் சுரண்டினால் புல் தெரியும், அங்கிருந்து அளந்துவிடலாம் என்று டேப்போடு போனேன். அந்த அம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"எதுக்குங்க சார்? பெரிய தொரையே சரின்னுட்டாரு."

"எனக்குத் தெரியணும்மா."

"தெரிஞ்சு என்னாங்க பண்ணப் போறீங்க?"

டேப்பைச் சுருட்டினேன். திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் நான்தான் கணக்கெடுத்தேன். நான் எவ்வளவு கம்பி, எவ்வளவு சிமெண்ட் என்று எழுதினேனோ அவ்வளவுதான் வந்து இறங்கியது. பெரியவரே நேரில் பார்த்துத் தேறியவன் என்று பெயர் வாங்கிவிட்டதால் என் கணக்கை யாரும் மறுபடி சரிபார்க்கவில்லை. அந்தப் பாலங்களின்மேல் பஸ் போகும்போது நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.