அப்பாவிடம் முதலில் சொல்லிப் பார்த்த ஜோக்

என் அக்காவுக்குப் பகலில் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்கள் மூக்கில் ஃபிரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று கேட்டுக் கேட்டு வளைத்துக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேக்கரி மாடியில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு எதிரே மைக்கைப் பிடித்து நின்று சொந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். விவாகரத்து, மாதவிலக்கு, முதலாளியின் விக், எதையும் விட்டுவைக்க மாட்டாள். நான் வேலைக்காக வெளியூரில் இருக்கிறேன்; ஊரிலிருந்து போன் என்றாலே தயங்கித்தான் எடுப்பேன். எடுத்தால் சித்தியாக இருக்கும். "அவ வாயைத் தைக்க உங்க வீட்ல ஊசி நூலே இல்லையாடா?"

ஆனால் அக்காவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவரைப் பற்றிய ஜோக்கை முதலில் அவரிடமே சொல்லிக் காட்டுவாள். அவர் சிரித்தால்தான் அது மேடைக்குப் போகும். பிரிந்துபோன கணவரைக்கூடப் போனில் கூப்பிட்டு ஒப்பித்திருக்கிறாள். "சிரிச்சுட்டுத்தான் திட்டினாரு. சிரிச்சா செல்லும்" என்றாள் என்னிடம்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்தபின் இடது கை, கால் விழுந்துவிட்டன. சிறுநீரும் சொல்பேச்சு கேட்கவில்லை. அக்காதான் துடைத்து, துணி மாற்றி, பவுடர் போட்டு உட்கார வைப்பாள். ஒரு நாள் அப்படி மாற்றி முடித்த கையோடு கட்டிலோரம் நின்று சொல்லிக் காட்டினாள்.

"எங்கப்பா காலமெல்லாம் பஸ்ல கத்தினாரு, 'எறங்கறவங்க முன்னாடியே சொல்லுங்க, கடைசி நேரத்துல பதறாதீங்க'ன்னு. இப்ப அவரே முன்னாடி சொல்றதில்ல!"

அப்பாவின் தோள் குலுங்கியது. "போடி வாயாடி" என்றார்.

மாடியில் அதைச் சொன்னபோது முதலில் சிலர் முகம் சுளித்தார்களாம். இரண்டு பேர் எழுந்து போனார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது. படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்கிற ஒருத்தி கீழே படிக்கட்டில் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இதையெல்லாம் வெளிய சொல்லலாம்னே எனக்குத் தெரியாதுக்கா." வீடியோ பரவியது. பெரிய அரங்கத்தில் கூப்பிட்டார்கள்.

அங்கே அப்பாவைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் வைத்தாள். ஜோக் முடிந்ததும், "அவரு இங்கதாங்க இருக்காரு" என்று கையைக் காட்டினாள். விளக்கு அவர்மேல் திரும்பியது. அப்பா வலது கையைத் தூக்கி, "ரைட், போலாம்!" என்றார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் இங்கே தனியறையில் போனைப் பார்த்தபடி கைதட்டினேன்.

அதற்குப் பிறகு அவருக்கு வைத்த தண்ணீர் டம்ளர்கள் நிறைந்தபடியே இருந்தன. "தாகமில்லம்மா" என்பார். உதடு வெடித்தது. ஒரு காலையில் எழுப்பினால் எழவில்லை. மருத்துவமனையில், உடம்பில் நீரே இல்லை என்றார்கள். "பேஷன்டை யாருங்க பாத்துக்கறது? தண்ணி குடுக்கறதே இல்லையா?" என்று நர்ஸ் அக்காவிடம் கேட்டாள்.

சலைன் ஏறி அவர் கண் திறந்ததும் கேட்டாள்.

"ஏம்ப்பா குடிக்கல?"

"குடிச்சா வந்துருதேம்மா."

"வந்தா என்ன? நான் மாத்த மாட்டேனா?"

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்த ஜோக் பிடிக்கலன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லப்பா? நீங்க சிரிச்சீங்களே!"

"நீ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னியேம்மா. எப்படிச் சிரிக்காம இருக்கறது?"

இதை அக்கா எனக்குப் போனில்தான் சொன்னாள்.

அந்த ஜோக்கை இனி எங்கேயும் சொல்வதில்லை என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தாளாம். "ஏன், நல்லாத்தானே போச்சு" என்றாராம். அவள் அவர் தலையைத் தாங்கி, டம்ளரை உதட்டில் வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். மறுபடி பார்த்தார்.

"போதுமாம்மா?" என்று கேட்டார்.