பாவா செய்த பொட்டுத்தாலி

என் அக்காவின் கணவர் இங்கிலாந்துக்காரர். எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். அப்பாவை நைனா என்போம். அந்த வழக்கப்படி அவர் எனக்குப் பாவா ஆனார்.

அக்கா சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு மேற்படிப்புக்கு லண்டன் போனவள். அங்கேயே வேலை கிடைத்தது. அந்த அலுவலகத்தில் பாவா ஆர்க்கிடெக்ட். பள்ளிக்கூடங்கள், ஒரு நூலகம், கடலோர ஊர் ஒன்றில் முதியோர் குடியிருப்பு என்று பல கட்டடங்கள் வரைந்திருக்கிறார். ஆனால் எதுவும் அவர் வரைந்தபடி எழவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. கட்டுபவர் ஒன்றை மாற்றுவார், காசு போடுபவர் இன்னொன்றை. கடைசியில் திறப்பு விழாவுக்குப் போனால் யார் வீட்டுக்கோ வந்தது போல இருக்கும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் சேர்ந்து பொன்வேலை கற்றுக்கொண்டார். பிறகு அலுவலகத்தை விட்டு, வீட்டின் பின்னறையிலேயே பட்டறை போட்டார். முதலிலிருந்து முடிவு வரை தன் கையே தொடும் வேலை அது என்பதுதான் காரணம்.

கல்யாணப் பேச்சு வந்தபோது நைனா ஒத்துக்கொள்ளவில்லை. திருவாலங்காட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டியவர் அவர். பேசுவதும் குறைவு. "அவ இஷ்டம். என்ன எதுக்குக் கேக்கறீங்க?" என்று வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மாதான் தன் கழுத்தில் இருந்த பொட்டுத்தாலியை எடுத்து என்னிடம் காட்டி, போட்டோ பிடித்து அனுப்பச் சொன்னாள். எங்கள் குடும்பத்து வழக்கம் அது, குமிழ் வைத்த இரண்டு வட்டப் பொட்டு. பாவா அந்தப் போட்டோவைப் பார்த்துத் தானே செய்துகொண்டு வந்தார். திருத்தணியில் மலை அடிவாரத்து மண்டபம் ஒன்றில் கல்யாணம் நடந்தது. தாலித் தட்டு நைனாவிடம் வந்தபோது பொட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவரே செஞ்சாரா?"

"ஆங், நைனா," என்றேன்.

பொட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். அன்று சாயங்காலம் பாவாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினார்.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நான் பள்ளிப்பட்டில் ஆசிரியை வேலையில் இருந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அவள் போன் செய்தாள். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் வெறுமனே "ம்", "ம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இறங்கிய பிறகு பஸ் ஸ்டாண்டிலேயே வெகுநேரம் நின்றேன். வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஒவ்வொரு முறை ஸ்கேன் எடுக்கும்போதும் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்பார்களாம். பாவா தாலியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவள் வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி நடையிலேயே மறுபடி போட்டுவிடுவார். "எனக்கு எத்தினி வாட்டிடி கல்யாணம் ஆவுது" என்று அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கடைசி மாதங்களில் அவள் கழுத்து குச்சியாகிவிட்டது. பொட்டு பட்ட இடம் வலித்தது. கழற்றி வைக்கவும் மனசில்லை. பாவா பொட்டுகளை உருக்கினார். பொன்னைத் தாளாகத் தட்டி, உள்ளே வெற்றிடம் விட்டு, அதே அளவு, அதே குமிழோடு திரும்பச் செய்தார். வீடியோ காலில் அக்கா அதைத் தூக்கிக் காட்டினாள்.

"பாரும்மா. ஒண்ணுமே போடாத மாதிரி இருக்குது."

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

அது கழுத்தில் கிடக்கும்போதுதான் அவள் போனாள்; இறுதிச் சடங்குக்கு முன் பாவா அதைக் கழற்றி வைத்துக்கொண்டார். எங்களுக்கு விசா கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளை அனுப்பியதைக் கூட என் போனில்தான் பார்த்தோம். நைனா பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சில மாதம் கழித்துப் பாவா வந்தார். அக்கா இல்லாமல் அவர் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் அம்மா அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. அழுது ஓய்ந்தபின், "சுமங்கலியா போனவ பொட்டு. மலை மேல உண்டியல்ல சேத்துடணும். அவர்கிட்ட சொல்லு" என்றாள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பாவா சட்டைப் பைக்குள் கையை விட்டார், தாலியை வெளியே எடுக்கவில்லை.

"என்னால் முடியும் என்று தோன்றவில்லை. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்," என்றார்.

அம்மா முகம் இறுகிவிட்டது. "அதையே பாத்துகினு இருந்தா என்னா ஆவறது? அவளுக்கும் போற வழி நல்லா இருக்கணும் இல்ல?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் பாவாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து, பஞ்சில் சுற்றிய சிறிய பொன் துண்டு ஒன்றை எடுத்து அம்மா முன்னால் வைத்தார். தாலியை இலேசாக்கியபோது மிஞ்சியது.

யாரும் தொடவில்லை. நைனாதான் குனிந்து எடுத்தார்.

"இதுவும் அவ கழுத்துல கெடந்ததுதானே. இது சாமிக்குப் போவட்டும். அது அவருகிட்ட இருக்கட்டும்."

மறுநாள் காலையில் எல்லோரும் மலைக்குப் போனோம். உண்டியல் முன்னால் அம்மா அந்தத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாவாவிடம் நீட்டினாள், நீயே போடு என்பது போல. அவர் போட்டார். உள்ளே ரூபாய் நோட்டுகள் மேல் விழுந்ததால் சத்தம் கேட்கவில்லை. இறங்கும்போது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பாவா இப்போது பொன்வேலை செய்வதில்லை. பட்டறையில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்றார். ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்ந்து, பழைய ஆஸ்பத்திரிகளுக்கு சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், படிக்கட்டு என்று வரைந்துகொண்டிருக்கிறார். அவர் வரைந்ததை மாற்றினாலும் இப்போது கோபம் வருவதில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். அம்மாவும் அவரும் திரையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போன மாதம் ஒருநாள் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நா சொல்றத அப்படியே சொல்லு. ஒத்தையா கெடக்க வேணாம். நல்ல பொண்ணா பாத்துக் கட்டிக்கச் சொல்லு. எங்களுக்கு வருத்தம் இல்லன்னு சொல்லு."

சொன்னேன். பாவா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் அவர் தோளும் ஜன்னலும்தான் தெரிந்தன.

"என்னா சொல்றாரு?" என்றாள் அம்மா.

"யோசிக்கிறாராம்."

"ஆங். யோசிக்கட்டும்." போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.