A_THALI ஃபைல்களில் செல்வம்

அன்று பெரம்பலூர் ஸ்டுடியோவில் இருந்தவர்கள்: ஓனர் அண்ணன். கம்ப்யூட்டரில் ஆல்பம் போடும் நான். விக்கிரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்த பச்சையம்மாள். அவர் மகன் செல்வம் எங்கள் இரண்டாவது கேமராமேன். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி அவன் பைக்கை அடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அம்மா உட்காரவில்லை. செல்வத்தின் ஆதார் கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். பதினாறாம் நாள் கும்பிடப் படம் வேண்டும். ஊரில் அஞ்சலி ஃப்ளெக்ஸே இதை வைத்துத்தான் அடித்தார்களாம். வேறு படம் இல்லை. அவன் போன் லாரி சக்கரத்தில் போய்விட்டது.

"இது எம்புள்ள மாதிரியே இல்ல தம்பி. ஊரான் வூட்டுக் கல்யாணமெல்லாம் புடிச்சான். அவன யாரும் புடிக்கலியா?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். இரண்டு கேமராவும் படத்துக்கு DSC_0001, DSC_0002 என்று ஒரே மாதிரி பெயர் போடும். ஒரே ஃபோல்டரில் இறக்கினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். அதனால் முதலில் பெயர் மாற்றுவேன். ஓனர் எடுத்தது A. செல்வம் எடுத்தது B. கூடவே சடங்கின் பெயர். ஒரு கல்யாணத்துக்கே ஆயிரக்கணக்கில் படம் வரும், கையால் முடியாது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒரு வழி உண்டு. பெயர் எப்படி இருக்கும் என்று குறியில் எழுதிக் கொடுத்தால், அப்படி இருப்பதை எல்லாம் கம்ப்யூட்டர் மொத்தமாக மாற்றும். நான் ஒன்பதாவது வரை படித்தவன். வீடியோ பார்த்துக் கற்றேன். ஓனர் எடுத்த தாலி கட்டும் படங்களைத் தனியே எடுத்து வைத்து, ^DSC_(\d+) என்பதை A_THALI_$1 என்று மாற்றுவேன். நம்பர் அப்படியே நிற்கும். முன்னால் இருப்பது மட்டும் மாறும்.

B ஃபைலில் செல்வம் இருக்க மாட்டான். அவன் எடுத்தது. ஆனால் தாலி கட்டும்போது இரண்டு கேமராவும் மணவறைக்கு இரண்டு பக்கம் எதிரெதிராக நிற்கும். ஓனர் படத்தில் அவன் விழுவான். ஆல்பத்துக்குப் போகுமுன் அவனை வெட்டிவிடுவேன். அது என் வேலை. வெட்டாத அசல் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது.

^A_THALI_ என்று தேடினேன். வந்ததை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தால் நம்பர் மோதும் என்பதால், பெயருக்கு முன்னால் கல்யாணம் நடந்த ஊர்ப்பெயர் போட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்தேன். அம்மா பின்னால் நின்று பார்த்தார்.

செல்வம் இருந்தான். திருமானூரில் இருந்தான். அரியலூரில் இருந்தான். எல்லாவற்றிலும் கேமரா முகத்தை மறைத்திருந்தது. சட்டை தெரிந்தது. முழங்கை தெரிந்தது.

"இது தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்த சட்ட" என்றார் அம்மா.

கீழப்பழுவூர் கல்யாணம் வந்தது. கேமரா கழுத்தில் தொங்குகிறது. வலது கை மேலே. அட்சதை போடுகிறான். வாய் நிறையச் சிரிப்பு.

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்தில் நின்ற யாரோ அவன் கையிலும் அட்சதையைக் கொடுத்திருக்கிறார்கள். கெட்டிமேளம் கொட்டியதும் கேமராவை விட்டுவிட்டு எல்லோரோடும் சேர்ந்து போட்டுவிட்டான். B கேமராவின் மெமரி கார்டில் தாலி கட்டும் படம் ஒன்றுகூட இல்லை. கடைக்கு வந்ததும் ஓனர் பிடித்துக்கொண்டார்.

"படம் புடிக்க வந்தியா, மொய் வைக்க வந்தியாடா? பந்தியில ஒக்காந்து சாப்டுட்டு வர வேண்டியதுதான?"

செல்வம், "மறந்துட்டேண்ணே" என்று மட்டும் சொன்னான்.

இப்போது ஓனர் எழுந்து வந்து ஸ்கிரீனைப் பார்த்தார்.

"அன்னிக்கு அவன வையாம இருந்துருக்கலாம்" என்றார்.

அம்மா முந்தானையால் ஸ்கிரீனைத் துடைத்தார். "இதான் தம்பி எம்புள்ள."

பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டிக் கொடுத்தோம். ஓனரே பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். பெயர் மாற்றும்போது எடுத்தவனைக் காட்டும் A, B எழுத்தை விட்டுவிடாதீர்கள். அசலை அழிக்காதீர்கள். கேமரா பிடிக்கிறவனையும் ஒருநாள் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அந்தப் படத்துக்கு மட்டும் கையால் பெயர் மாற்றினேன். SELVAM என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வைத்தேன்.

மொத்த ஃபைல்: 1.