இஸ்தோப்பில் ஓர் இன்ஜின்

தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்புத் திண்ணை, இரண்டு பேர் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற அளவுதான். அதில் ஒரு டிராக்டர் இன்ஜினைக் கொண்டுவந்து இறக்கினார் என் வீட்டுக்காரர். அன்று நான் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. கால் வைக்க இடமில்லை.

"எங்கங்க உக்கார்றது?"

"அது மேலயே உக்காரு புள்ள. ஒண்ணும் ஆவாது."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது தோட்டத்தின் பழைய டிராக்டர். ஓய்வு பெறும்வரை கொழுந்து ஏற்றி அவர்தான் ஓட்டினார். பிறகு ஃபேக்டரிக்குப் பின்னால் மழையில் கிடந்து இறுகிப்போனதைப் பழைய இரும்பாக விற்றார்கள். ஓய்வுக் காசில் கூரைத் தகரத்தை மாற்றலாம் என்று நான் நினைத்திருக்க, இவர் போய் இதை வாங்கிவிட்டார். கத்தித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்று சொன்னார்.

"இது மட்டும் ஓடட்டும். இந்தப் பக்கத்து மரக்கறி எல்லாம் நம்ம வண்டியிலதான் ரோட்டுக்கு எறங்கும். அதோட நீ பெரட்டுக்குப் போறத நிறுத்திடலாம்."

விடிந்தும் விடியாமல் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலையேறுகிற வேலை, கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியது. இப்போது முட்டி மடங்க மறுக்கிறது. சரிவில் இறங்கும்போது தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன். நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னால், பொய்யாக இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எல்லாமே மண்ணெண்ணெய் வாடைதான். சோற்றில்கூட. அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, துடைத்து வைப்பார். பனிமூட்டம் உள்ளே வந்து ஒரே ராத்திரியில் துரு ஏற்றிவிடும். காலையில் திட்டிக்கொண்டே மறுபடி தேய்ப்பார். பிஸ்டன்களைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஹட்டன் டவுன் லேத்துக் கடைக்குப் போவார். "பெத்த புள்ளையக்கூட இப்பிடித் தூக்கிட்டுப் போனதில்ல" என்று நான் சொல்லிக்காட்டுவேன். காதில் விழாத மாதிரி போய்விடுவார். எனக்கோ சண்டை போடவும் தெம்பில்லை. மலையிலிருந்து வந்தால் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் இன்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டியை மாட்ட வேண்டியிருந்தது. எண்ணெய் கசியாமல் இடையில் வைக்க ஒரு தக்கை கேஸ்கட் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். "ஈரம் படாம பத்திரமா வையி."

எங்கள் ஊரில் ஈரம் படக்கூடாத பொருளுக்கு ஒரே இடம்தான். அடுப்புக்கு மேலே விறகு காயப்போடுகிற பரண். உப்பு, தீப்பெட்டி, பிள்ளைகளின் சர்டிபிகட் எல்லாம் அங்கேதான். கேஸ்கட்டையும் அங்கேயே வைத்தேன். லேத்துக் கடையில் கொடுத்திருந்த வேலை முடிந்து வர நாளானது. மழைக்காலம், அடுப்பும் அணையவில்லை.

எடுத்துப் பார்த்தபோது கேஸ்கட் சுருங்கிப் போயிருந்தது. எந்த ஓட்டையும் எந்த போல்ட்டுக்கும் நேராக வரவில்லை. அவர் இழுத்துப் பார்த்தார். இன்னும் இழுத்தால் பிய்ந்துவிடும். அதைக் கையில் வைத்தபடி இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டார். ஏசியிருந்தால் தேவலை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓய்வு கிடைக்க இருந்த என் முட்டியை நானே அடுப்பில் வைத்த மாதிரி இருந்தது.

நாங்கள் நானா என்று கூப்பிடுகிற ஹட்டன் பார்ட்ஸ் கடைக்காரருக்கு நான்தான் போன் எடுத்தேன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"தக்கைய யாராச்சும் அடுப்புக்கு மேல வைப்பாங்களா தங்கச்சி? இளஞ்சூட்டுத் தண்ணியில ஊறப் போடுங்க. தானா விரிஞ்சு வரும்."

துணி அலசுகிற பேசினில் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். மலைக்குப் போகாமல் அன்று பக்கத்திலேயே இருந்தேன். சொன்னபடியே விரிந்து வந்தது. துடைத்து அவர் கையில் கொடுத்தேன். பொருந்திவிட்டது.

இன்ஜினை டிராக்டரில் ஏற்றி முடுக்கிய அன்று லயமே வெளியே வந்து நின்றது. கரும்புகையைக் கக்கி, இருமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. அவர் என்னைத்தான் பார்த்தார். நானும் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வெகுநாளாக இல்லை.

ஆனால் ஏற்றி இறக்க மரக்கறி கிடைக்கவில்லை. காய்கறி போட்டவர்கள் எல்லாம் சின்ன லொறிக்காரர்களோடு பேசி வைத்திருந்தார்கள். டிராக்டர் லயத்து முனையில் சும்மா நின்றது. அந்த நேரத்தில்தான் தோட்டத்துக் கொழுந்து லொறி பழுதாகி, தோட்டத்து மேனேஜர் தொரை அவரைக் கூப்பிட்டனுப்பினார். போய்வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"என்னா சொன்னாரு?"

"கொழுந்து ஏத்த நம்ம வண்டிய எடுத்துக்கிறாராம். தெனமும் ஓட்டம் இருக்கு."

"நல்லதுதானங்க? மொகம் ஏன் இப்பிடி இருக்கு?"

"வூட்டுல ஒரு ஆளாவது தோட்டத்துல பேர் பதிஞ்சு வேல செய்யணுமாம். இல்லாட்டி வெளி ஆளு கணக்காம். வெளி ஆளுக்குக் குடுக்க மாட்டாராம்."

அவர் ஓய்வு பெற்றதுமே தோட்டம் அவர் பேரை வெட்டிவிட்டது. பிள்ளைகள் கொழும்பில். மீதி இருக்கிற பேர் என்னுடையதுதான். பெரட்டை நிறுத்துகிற பேச்சு அதோடு போனது. எனக்கு அந்த இன்ஜின் மேல்தான் கோபம் வந்தது. அதை ஓட வைத்த கேஸ்கட் என் பேசினில் ஊறியது அல்லவா. "சரின்னு சொல்லிட்டு வாங்க" என்றேன்.

இப்போது கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு அவர்தான் டிராக்டரைக் கொண்டுவருகிறார். பின்பெட்டியில் நின்று ஒவ்வொருவர் சாக்காக வாங்கி அடுக்குவார். எல்லாரிடமும் கேலி பேசுவார். என் சாக்கை வாங்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. "பாத்துப் போங்க" என்பேன். தலையாட்டுவார்.

முடுக்கியதும் வண்டி பிடித்துக்கொள்கிறது. அது நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருப்பதில்லை. நான் செடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த நிரைக்கு ஏறுகிறேன்.