சேர்தான் செய்தவர்

நெதர்லாந்துக்கு வந்த முதல் கிழமையே ஒருவர் பல்கலைக்கழக நிர்வாக அறையைக் காட்டி, 'கன்டோர்' என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்தையும் கந்தோர் என்றுதானே சொல்வோம். ஒல்லாந்தர் கோட்டையோடு சேர்த்து விட்டுப்போன சொல். சொல் ஒன்றுதான், உள்ளே நடப்பது வேறு. இங்கே பேராசிரியரை மார்லேன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். என் அம்மாவை விட வயது கூடிய மனுசி. எனக்கு நா எழவில்லை. வருசம் முழுக்க அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், அவராக என் பக்கம் திரும்பும் வரை காத்து நின்றே காலத்தை ஓட்டினேன்.

பொதுக்கொள்கையில் முதுமாணி படிக்க வந்தவள் நான். புலமைப்பரிசில் முதலாம் ஆண்டுக்கு மட்டும்தான். இரண்டாம் ஆண்டுக்குப் புலமைப்பரிசிலோடு ஒரே ஒரு இடம். அதை ஒரு மாணவருக்கோ, எந்த நாட்டிலாவது பணியில் இருக்கும் அதிகாரி ஒருவருக்கோ கொடுக்கலாம் என்பது விதி. அது கிடைக்காவிட்டால் எனக்குப் பட்டமும் இல்லை, விசாவும் இல்லை. ஊரில் வேலையும் இல்லை. எங்கள் கந்தோர்த் தலைவரை எல்லோரும் சேர் என்போம். அவர் என் படிப்பு லீவுக்குச் சிபாரிசு செய்யவில்லை. "மிஸ் போனா இந்த வேலையள ஆர் பாக்கிறது?" என்றார். ராஜினாமா செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

இரண்டாம் ஆண்டுக்கான நேர்முகத்தில் மார்லேன், விண்ணப்பத்தில் நான் குறிப்பிட்டிருந்த எங்கள் கந்தோரின் வெள்ளத் திட்டத்தைப் பற்றிக் கேட்டார். வெருகல் ஆறு பெருகினால் ஈச்சிலம்பற்றுக்கு நிவாரண லொறி போக ஏலாது. தண்ணீர் வடியும் வரை சனம் பட்டினி. மழைக்கு முன்னமே அரிசி பருப்பைக் கொண்டுபோய் அங்குள்ள பாடசாலைகளில் அடுக்கி வைக்கலாம் என்று யோசித்தது நான். கிண்ணியா லொறிக்காரரோடு வாய் நோகக் கதைத்ததும், பாடசாலை அதிபர்மாரிடம் பூட்டிய அறைகளின் திறப்புக் கேட்டு அலைந்ததும் நான். சேர் கையெழுத்து வைத்தார். அவ்வளவுதான். ஆனால் எங்கள் கந்தோரில் 'நான் செய்தேன்' என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. 'சேர்தான் செய்தவர்' என்போம். உண்மையில் யார் செய்தது என்று கேட்கிறவருக்கு வடிவாகத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்திருப்பதுதான் எங்கள் மரியாதை.

அந்தப் பழக்கத்தில், "சேர்தான் செய்தவர், நாங்கள் கூட நின்றனாங்கள்" என்பதைப் பணிவான ஆங்கிலத்தில் சொன்னேன். மார்லேன் விடவில்லை, மாற்றி மாற்றிக் கேட்டார். நான் இன்னும் இன்னும் பணிந்தேன். கடைசியில் அவர் பேனையை எடுத்து சேருடைய முழுப்பெயரைக் கேட்டார். என் அடக்கம் அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தேன். நானல்லவோ கெட்டிக்காரி!

பிறகு ஒருநாள் கூப்பிட்டுத் தேநீர் தந்தார். இன்னொருவரின் உழைப்பை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன மாணவியைத் தான் கண்டதில்லை என்று பாராட்டினார். அந்த மனிதரையே தேடிப் பிடித்து இடத்தைக் கொடுத்தாகிவிட்டதாம். சேர் உடனே சம்மதித்துவிட்டாராம்.

அதெல்லாம் நான் செய்த வேலை என்றேன். மார்லேன் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "ஏமாற்றத்தில் யாருக்கும் இப்படி வாயில் வரும். நீங்கள் சொன்னதை நான் மறந்துவிடுகிறேன்" என்றார். பொய் சொன்னபோது நேர்மைக்காரி, உண்மை சொன்னபோது பொய்க்காரி. சைக்கிளை மிதித்து அறைக்குத் திரும்பினேன்.

ஊரில் இருந்து படிக்க வெளிக்கிடும் தங்கச்சிமாரே, தம்பிமாரே, இங்கே 'நான்' என்று சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் காலிசெய்த விடுதி அறையையே சேருக்கு ஒதுக்கினார்கள். ஒரே ஊர்க்காரி என்று, அவரை அழைத்துவரும் பொறுப்பும் எனக்கு. அறைக்குள் வந்ததும் சேர் மேலங்கியைக் கழற்றி என் கையில் தந்தார். மிஸ் இல்லாமல் கந்தோர் ஓடவில்லை, மிஸ்ஸின் இடத்துக்கு வந்த பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது என்று குறைப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், முதல் கட்டுரை எங்கட வெள்ளத் திட்டத்தப் பற்றியாம். போக முதல் ஒருக்கா எழுதித் தாங்கோ. நான் பாத்துக் கையெழுத்து வைக்கிறன்."

"ஓம் சேர்" என்றது என் வாய்.

ஓர்ஸ் ஹில்லில் என் கதிரையில் வேறொருத்தி. இங்கே என் கட்டிலில் சேர். வாசலில் என் பெட்டி நிற்க, நான் குனிந்து, குளிர்ந்தால் ஹீட்டரை எந்தப் பக்கம் திருப்பிக் கூட்டுவது என்று அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.