கூட்டிப் பார்க்காத அட்டவணை

நாற்பதைத் தொடும் வயதில் நான் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது, என் துறையில் மிருகங்களின் ராஜ்ஜியம் நடந்துகொண்டிருந்தது. அனல் மின் நிலையங்கள் பல இருக்கின்றன; ஊருக்கு இவ்வளவு மின்சாரம் வேண்டும்; எந்த நிலையம் எவ்வளவு கொடுத்தால் நிலக்கரிச் செலவு மிகக் குறையும்? இதுதான் கேள்வி. எறும்பு இரை தேடுவதுபோல் ஒரு கணக்குமுறை, ஓநாய் வேட்டையாடுவதுபோல் இன்னொன்று என்று ஆளுக்கொரு மிருகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நானோ பழைய நுண்கணிதத்தையே கட்டிக்கொண்டு அழுதேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏதாவது ஒரு மிருகத்தைப் பிடிங்க மேடம், அப்பத்தான் பேப்பர் போகும்" என்பார்.

அதைவிடப் பெரிய தொல்லை, எல்லோரும் மேற்கோள் காட்டும் ஒரு கட்டுரை. இதே கணக்குக்கு அதில் வந்த செலவு என் விடையைவிடக் குறைவு. அதை முறியடிக்காமல் பட்டம் கிடையாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். பகலெல்லாம் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு, ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து அந்த எண்ணோடு முட்டி மோதுவேன். என் கணக்கு இம்மியும் இறங்கவில்லை. அழுகையாக வரும். விட்டுவிடலாம் என்றே இருந்தேன்.

ஒரு நாள் காலை மாம்பழச் சாலை தாண்டி, காவிரிப் பாலத்தில், நான் கல்லூரிக்குப் போகும் சத்திரம் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி பழுது. பொழுது போக வேண்டுமே என்று அந்தக் கட்டுரையின் அட்டவணையை எடுத்து, நிலையங்கள் கொடுக்கும் மின்சாரத்தையெல்லாம் செல்போனில் கூட்டினேன். ஊர் கேட்ட அளவு வரவில்லை. மறுபடி கூட்டினேன். குறைந்தது குறைந்ததுதான். பத்துப் பேரைப் பந்திக்கு அழைத்து ஒன்பது இலை போட்டுவிட்டு, விருந்து மலிவாக முடிந்தது என்று மார் தட்டியிருக்கிறார்கள்! எத்தனையோ பேர் மேற்கோள் காட்டினார்கள், ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை, நான் உட்பட. நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துப் பக்கத்து சீட் அம்மாள் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

வழிகாட்டியிடம் காட்டினேன். அவரும் கூட்டிப் பார்த்துவிட்டு, பெரிய ஆட்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், ஆய்வேட்டில் ஒரு மூலையில் போட்டுவிடுங்கள் என்றார். நான் முதல் அத்தியாயத்திலேயே போட்டேன்.

வாய்மொழித் தேர்வு அன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், எதிர்பார்த்தபடியே, நான் எழுதியதை நம்பாமல் அங்கேதான் கை வைத்தார். அச்சில் வந்த எண் என்னுடையதைவிடக் குறைவு, பிறகு எதற்குப் பட்டம் என்று கேட்டார். அரங்கு நிறைய ஆட்கள்.

"சார், அந்த அட்டவணையை நீங்களே ஒரு தடவை கூட்டிப் பாருங்க" என்றேன்.

போனை எடுத்தார். கூட்டினார். அழித்துவிட்டு இன்னொரு முறை கூட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"என் ஸ்டூடன்ட்ஸுக்கு இந்த நம்பரைத்தான் கொடுத்துக்கிட்டிருக்கேன். ஊருக்குப் போனதும் எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும் மேடம்."

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அவர் அறிவித்ததும் முதலில் கை தட்டியவர் என் வழிகாட்டிதான். நான் அடக்கமாக நின்றேன் என்று சொன்னால் பொய். பல் தெரியச் சிரித்தேன்.

இப்போது இந்தக் கணக்கை எடுப்பவர்கள் முறியடிக்கப் பார்ப்பது என் எண்ணை. பாவம், அதற்குக் கீழே இறங்க இடமில்லை. அதை நிரூபித்தும் வைத்திருக்கிறேன்.