நான்கு ஓம்ஸுக்குக் கீழே

லிஃப்ட்காரர் என்றுதான் குழுவில் எல்லோரும் அவரை அழைத்தார்கள். வேலை நாட்களில் அலுவலகக் கட்டிடங்களில் நின்றுபோன லிஃப்டுகளைப் பழுது பார்ப்பார். வார இறுதியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். அவருடைய வாசிப்பை அபாரம் என்று சொல்ல மாட்டேன். தாளம் பிசகாது, பாடுபவர் மேல் ஏறி விழாது. பேஸ் கிட்டாரிடம் அதற்கு மேல் அதிகம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் ஒன்று: அது காதில் விழ வேண்டும்.

அதுதான் விழவில்லை. சின்ன அறைகளில் வாசித்தவரை அவருடைய ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி போதுமானதாக இருந்தது. குழுவுக்குப் பெரிய மண்டபங்கள் கிடைக்கத் தொடங்கியபின், கூட்டம் நிறைந்ததும் அடிச்சுரங்கள் முன்வரிசையைத் தாண்டவில்லை. குழுவை நடத்தும் பாடகியை எல்லோரும் அக்கா என்பார்கள். அவர் லிஃப்ட்காரரை அண்ணன் என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பது இன்னும் முடிவாகவில்லை. போன நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா லிஃப்ட்காரரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"கீபோர்டுக்காரர் இடது கையிலயே பேஸ் போட்டுடுறாரு. நல்லாத்தான் இருக்கு. வர்ற விழாவுல உங்க சத்தம் கடைசி வரிசைக்குப் போகலன்னா நான் வேற மாதிரி யோசிக்கணும் அண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

வேறு எங்கே வைத்துக்கொள்வது என்று அவர் கேட்கவில்லை.

இரண்டாவது பெட்டி ஒன்று வேண்டும் என்று வீட்டில் சொன்னார். மனைவி அதைத் தன் அண்ணனிடம் சொன்னார். மின்விசிறி, மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மச்சான், மூடிப்போன ஒரு நடனப் பள்ளியிலிருந்து கிழிந்த ஸ்பீக்கர்களோடு கிடந்த பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்தார். உள்ளே இரண்டு புது ஸ்பீக்கர்களைப் பொருத்தினார். வெளியே கறுப்புச் சாயம் அடித்து, முகப்புக்குப் புதுத் துணி இழுத்துக் கட்டினார். விழா நாளன்று நேராக மண்டபத்துக்கே கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தார். "எங்கண்ணன் கடை வேலைய எல்லாம் போட்டுட்டு இதையே கட்டிட்டு அழுதிருக்காரு. அவரு முகம் வாடுற மாதிரி எதையும் சொல்லிவைக்காதீங்க."

ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழா அது. தகரக் கூரை போட்ட நீண்ட மண்டபம். மதியமே மச்சான் பெட்டியை மேடையில் ஏற்றி, துணியைத் தூசு தட்டிக்கொண்டு நின்றார்.

கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயருக்கும் பெட்டிக்கும் உள்ள உறவைத் தொட்டியையும் குழாயையும் போல எண்ணிக்கொள்ளலாம். பெட்டியின் பின்னால் எழுதியிருக்கும் ஓம்ஸ், குழாய் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதன் அளவு. எட்டு என்றால் இறுக்கம், நான்கு என்றால் தாராளம். இரண்டு குழாய்களைச் சேர்த்துத் திறந்தால் தண்ணீர் இன்னும் தாராளமாகப் போகும். அதனால் எட்டும் எட்டும் சேர்ந்தால் பதினாறு ஆகாது, நான்கு ஆகும். லிஃப்ட்காரரின் ஆம்ப் நான்குவரை தாங்கும். அதற்குக் கீழே இழுத்தால் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும். அவருடைய பழைய பெட்டி எட்டு. மச்சான் கொண்டுவந்த பெட்டியின் பின்னாலும் எட்டு என்றே அச்சிட்டிருந்தது. கணக்கு அச்சாகப் பொருந்தியது.

லிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் பலகையில் எழுதியிருப்பதை நம்பி உள்ளே கால் வைப்பதில்லை. ஒயரைச் சொருகுமுன் அவர் பையிலிருந்து மீட்டரை எடுத்து, மச்சானின் பெட்டியில் வைத்துப் பார்த்தார். எழுதியிருப்பதைவிட மீட்டர் எப்போதும் சற்றுக் குறைத்தே காட்டும்; எட்டு ஓம்ஸ் பெட்டி என்றால் ஆறை ஒட்டி. இது நான்கைக்கூடத் தொடவில்லை. முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதேதான்.

"உள்ள என்ன ஸ்பீக்கர் மச்சான் போட்டீங்க?"

"ரெண்டும் எட்டு ஓம்ஸ், மாப்ளே. பின்னாடி எட்டுன்னு போட்டிருக்குல்ல, கடை கடையா ஏறி அதே எட்டாப் பாத்து வாங்குனேன்."

பெட்டியில் எழுதியிருந்த எட்டு, உள்ளே முன்பு இருந்த இரண்டு பதினாறுகள் சேர்ந்து தந்த எட்டு. மச்சான் எழுத்துக்கு விசுவாசமாக இருந்து, இரண்டு எட்டுகளைப் போட்டு, பெட்டியை நான்காக்கிவிட்டார். இதைப் பழைய பெட்டியோடு கோத்தால் மூன்றுக்கும் கீழே போய்விடும். அக்காவின் எந்தப் பாட்டின் நடுவில் ஆம்ப் கண்ணை மூடும் என்பதுதான் தெரியாது.

கீபோர்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, லிஃப்ட் எந்த மாடியில நிக்குது?"

மேளக்காரர் சிரித்தார். மச்சானும் சிரித்தார். லிஃப்ட்காரர் மீட்டரைப் பைக்குள் போட்டார்.

இரண்டையும் கோர்க்க முடியாது. பழையதை மட்டும் வைத்தால் பழைய கதைதான், இன்றோடு வேலை முடிந்தது. மிச்சம் இருந்தது ஒரே வழி: மச்சானின் பெட்டியைத் தனியாக வைப்பது. நான்கு என்பது ஆம்ப்புக்குப் பொருந்தும். அந்த நிலையில்தான் அது தன் முழுப் பலத்தையும் தரும். ஆனால் அந்தப் பலம் முழுவதையும் இரண்டே ஸ்பீக்கர்கள் தாங்க வேண்டும். அவை எவ்வளவு தாங்கும் என்று கேட்டதற்கு மச்சான், நல்ல ஸ்பீக்கர்தான் என்று மட்டும் சொன்னார்.

"இன்னைக்கு உங்க பெட்டி ஒண்ணே போதும் மச்சான். தனியா எப்படி நிக்குதுன்னு பாப்போம்," என்றார் லிஃப்ட்காரர்.

இது பொய் அல்ல. உண்மைக்குப் பக்கத்தில் இடம்பிடித்து உட்காரும் இப்படிப்பட்ட வாக்கியங்களால்தான் பல குடும்பங்கள் ஓடுகின்றன. பின்னால் கழுத்தைப் பிடிப்பவையும் அவையே. மச்சானுக்குப் பெருமையும் சந்தேகமும் ஒன்றாக வந்தன. பழைய பெட்டியை அதன் பக்கத்திலேயே விட்டுவைத்துவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மண்டபம் நிறைந்தது. முதல் பாட்டிலேயே லிஃப்ட்காரர் வித்தியாசத்தை உணர்ந்தார்; பலகை மேடை காலடியில் அதிர்ந்தது. ஆனால் கீபோர்டுக்காரரின் இடது கையும் கூடவே அடிச்சுரத்தை வாசித்துக்கொண்டிருந்தது. அது அக்காவின் ஏற்பாடு. இவர் விழுந்தாலும் பாட்டு விழாது. இப்படி ஒருவர் தயாராக நிற்கும்போது, வாசிப்பவனுக்குத் தன் விரல்மேலேயே நம்பிக்கை குறைகிறது.

ஆடச்சொல்லும் பாட்டு ஒன்று வந்தது. தடித்த தந்தியை அவர் சற்று அழுத்தி மீட்டியபோது, பெட்டிக்குள்ளிருந்து காகிதம் கிழிவதுபோல ஒரு கரகரப்பு எழுந்தது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவர் அடிச்சுரத்தின் திருகைக் கொஞ்சம் இறக்கினார். கைவேகத்தைக் குறைத்து, கெண்டைக்காலைப் பெட்டியோடு ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். ஆம்ப்பின் தலையைத் தொட்டார். சூடுதான், கை வைக்க முடிந்தது.

அடுத்த பாட்டை அக்கா அறிவித்துக்கொண்டிருந்தபோது மச்சான் மேடையேறி வந்தார். கையில் ஒயர் இருந்தது.

"பின்னால போய் நின்னு கேட்டேன் மாப்ளே. வருது, ஆனா இன்னும் கொஞ்சம் வேணும். இதையும் கோத்துடுறேன்." சொல்லிக்கொண்டே குனிந்து ஒரு முனையைப் பழைய பெட்டியில் சொருகிவிட்டார். மறுமுனை ஆம்ப்பின் காலித் துளைக்குப் போய்க்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம் மச்சான். ஆம்ப் நின்னுடும்."

"ஏன் நிக்குது? எட்டும் எட்டும்தானே?"

"உங்க பெட்டி எட்டு இல்ல மச்சான். நாலு. ரெண்டு எட்டு சேந்தா உள்ளயே நாலாயிடுது."

அக்கா பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கீபோர்டுக்காரரும் பார்த்தார். மச்சான் குனிந்த நிலையிலேயே இருந்தார். காலமெல்லாம் மோட்டாருக்குச் சுருள் சுற்றிய மனிதருக்கு அந்தக் கணக்கு விளங்க நேரம் பிடிக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டிருக்க வேண்டும். காது சிவந்தது.

"மத்தியானமே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல." குரலில் கோபம் இருந்தது. ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். கீழே இறங்கிப் போய்விடுவார் என்றுதான் லிஃப்ட்காரர் நினைத்தார். அவர் போகவில்லை. மேடையின் ஓரமாகப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, பலகையில் காதை வைத்தார். "வாசிங்க. கரகரத்தா கை காட்டுறேன்."

பாட்டு தொடங்கியது. மச்சானின் கை தாழ்ந்தபோது லிஃப்ட்காரர் விரலைத் தளர்த்தினார். கை உயர்ந்தபோது அழுத்தினார். தன் காதை நம்பித் தவித்ததைவிட இது எளிதாக இருந்தது. திருகைப் பழைய இடத்துக்கே ஏற்றினார். சுரம் நீண்டு போய்க் கடைசிச் சுவரைத் தொட்டுத் திரும்பியது. பின்வரிசைக்காரர்கள் தாளத்துக்கு நாற்காலியைத் தட்டுவது மேடையிலிருந்தே தெரிந்தது.

சரணத்துக்கு முன்னால் அக்கா ஒலிவாங்கியைச் சற்று விலக்கி, கீபோர்டுக்காரரைப் பார்த்து விரலை மேலே அசைத்தார். கீபோர்டுக்காரர் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடிச்சுரத்தில் இப்போது லிஃப்ட்காரர் மட்டும் இருந்தார்.

அடுத்த பாட்டிலும் அந்தக் கை மடியிலேயே இருந்தது.